ஒரே முறை ஒலிக்கும் ஆங்கிலம்

வெளிநாட்டில் படிக்க, வேலை செய்யப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு ஐஇஎல்டிஎஸ் (IELTS). அதன் கேட்டல் தேர்வில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். என்னை இடறச் செய்தவை எண்கள். ‘டபுள் த்ரீ’ என்று காதில் விழுந்து நான் 33 எழுதுவதற்குள் அடுத்த விடை கடந்துவிடும். கோத்தகிரியில் மழை பிடித்தால் இணையமும் படுத்துவிடும் என்பதால், பதிவுகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டேன். முதலில் நிறுத்தாமல் கேட்டு விடை எழுதுவேன். பிறகு எழுத்து வடிவத்தைப் பார்த்து, நழுவிய வரியை மட்டும் மீண்டும் ஓடவிட்டு, அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்வேன். இந்த இரண்டாவது வேலைதான் காதைத் திறந்தது. மாலையில் அக்கா கேஸ் ரசீதில் உள்ள எண்களை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் வாசிப்பாள் (ஈவிரக்கமே கிடையாது!). வாசிப்புத் தேர்வுக்கு 60 நிமிடம். அங்கே கேள்வியை முதலில் படித்து, பெயரையும் ஆண்டையும் கட்டுரையில் தேடினாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது.