கேஎல்ல (கோலாலம்பூர்ல) படிக்க வந்தவங்களுக்கு: சோறு ரூம்ல, கறி கடையில

கேஎல்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்க சின்ன ரைஸ் குக்கர் ஒண்ணு வாங்கி சோறு மட்டும் ரூம்லயே வடிச்சுக்கோங்க, நாசி கண்டார் கடையிலயோ (சோறும் கறிகளும் விக்கிற கடை) மாமாக் கடையிலயோ (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) போய் "லாவுக் சஹாஜா"ன்னு (மலாய்ல 'கறி மட்டும்') சொல்லி கறி மட்டும் தாப்பாவ் (பார்சல்) வாங்குங்க. அதோட "குவா அசிங்"னும் ('குழம்பு தனியா') சொல்லுங்க, குழம்பை தனி பையில கட்டித் தருவாங்க.

கடையில ஒவ்வொரு வேளையும் சோத்துக்கும் சேர்த்துதான் காசு, அதே 5 கிலோ அரிசி வாங்கினா ரொம்ப நாள் வரும், அதுவும் குழம்பு தனியா இருந்தா சோறு ஊறாது, ஃபிரிட்ஜ்ல வச்சா மதியம் வாங்கினது ராத்திரிக்கும் ஓடும். ஊர்ல இருந்து குக்கர் கொண்டு வந்தாலும் பரவால்ல, இங்க கரண்ட் 240 வோல்ட், மூணு சதுர முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும்.

ஆனா தேங்காப்பால் போட்ட குழம்பை வெளியில வைக்காதீங்க, இந்த வெக்கைக்கு சீக்கிரம் கெட்டுரும், ஃபிரிட்ஜ் இல்லன்னா அந்த வேளைக்கு மட்டும் வாங்குங்க. பிரிக்ஃபீல்ட்ஸ் (கேஎல்ல இருக்குற லிட்டில் இந்தியா) வாழை இலை கடைங்களுக்கு இது சரிப்படாது, அங்க சோறும் காய்கறியும் திரும்பத் திரும்ப போடுவாங்க, உக்காந்து நிம்மதியா சாப்பிடுறதுதான் லாபம். ரூம்ல குக்கர் வைக்கக் கூடாதுன்னு ஹாஸ்டல் ரூல் இருந்தா தயவுசெஞ்சு ஒளிச்சு வைக்காதீங்க, பேன்ட்ரி (பொது சமையல் இடம்) இருக்கான்னு கேட்டுப் பாருங்க.