கைதுக் கணக்கு குற்றக் கணக்கு அல்ல

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் இளம் நிருபர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். எழுத்துப் பிழையை யாரும் திருத்திவிடலாம். குடியேறிய இளைஞர்களையும் குற்றத்தையும் சேர்த்து எழுதும்போது வரும் பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல.

கைதானவர்களை எண்ணிக் குற்றத்தை அளப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருவது இதுதான். அண்மையில் ஒரு மாணவி எழுதி வந்தாள்: "2023இல் ஜெர்மனியில் நடந்த குற்றங்களில் 41 சதவீதம் வெளிநாட்டவர் செய்தவை." எண் சரி, வாக்கியம் தவறு. அது பொலிஸார் சந்தேகித்தவர்களின் கணக்கு. நீதிமன்றம் தீர்ப்பளித்த கணக்கு அல்ல. அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைவது போன்ற, அந்நாட்டுக் குடிமக்கள் மீது பொதுவாகச் சுமத்தவே முடியாத குற்றங்களும் அதில் அடக்கம். அவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 34 சதவீதம். பிடிபட்ட சுற்றுலாப் பயணி சந்தேக நபர் பட்டியலில் ஏறுவான், மக்கள்தொகையில் சேரமாட்டான். வந்தவர்களில் இளம் ஆண்களும் அதிகம். எந்த நாட்டிலும் குற்றப் பதிவேட்டை நிரப்புவது அந்த வயது ஆண்களே. அவர்களை முதியவர்கள் நிறைந்த மக்கள்தொகையோடு அப்படியே ஒப்பிடுவது என்ன நியாயம்?

இங்கேயும் பாருங்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியதும் கைது எண்ணிக்கை நாள்தோறும் ஆயிரக்கணக்கில் வெளியானது. அதற்கு முந்தைய வாரம் நாட்டில் போதைப்பொருள் இல்லாமலா இருந்தது? தேடுதல் கூடியது, கைதும் கூடியது.

கொழும்பில் கடை வேலைக்குப் போன என் உறவுக்காரப் பையனின் அடையாள அட்டையில் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. தேயிலைத் தோட்டத்தின் பெயரும், அதன் பிரிவான டிவிஷனும்தான். பொலிஸ் சோதனையின்போது அந்த வரியைக் கண்டதும் அவனை மட்டும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அடிக்கடி நிறுத்தப்படுகிறவர்களே அதிகம் அகப்படுவார்கள், அகப்பட்டவர்களே எண்ணப்படுவார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த மலையகத் தமிழர்களான நம்மவர்களை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அந்த வழியில் வந்த பிள்ளைகளே இன்னொரு நாட்டில் குடியேறியவர்களைப் பற்றி இப்படி எழுதும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஊர்ப்பேச்சை ஆதாரமாக்குவது

1993க்குப் பின் அமெரிக்காவில் வன்முறைக் குற்ற வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் கலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலான ஆண்டுகளில் மக்களில் பலர், குற்றம் கூடிவிட்டது என்றே சொன்னார்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே விடை

டெக்சஸ் மாநிலத்தின் 2012–2018 பதிவுகளின்படி, ஆவணமற்ற குடியேறிகளின் பாரிய குற்றக் கைது வீதம் அமெரிக்காவில் பிறந்தவர்களுடையதைவிடக் குறைவு. சுவீடனில் 2021இல் வெளியான அரச ஆய்வில், வயது, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சந்தேக நபர்களாகப் பதிவாகும் வாய்ப்பு கூடுதல். இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. நமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து எழுதக் கூடாது. இரண்டுமே கைது, சந்தேகக் கணக்குகள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தலைப்பில் இனத்தைப் போடுவது

குற்றத்தோடு தொடர்பில்லை என்றால் வேண்டாம்.