தெருவில் யார் வீட்டில் என்ன மொழி? கணக்கெடுக்க ஒரு வழி

புதுச்சேரியில் உங்கள் தெருவில் ஆங்கில வகுப்பு தொடங்கும் யோசனை இருந்தால், முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே கான்வென்ட்டில் படிக்கிற பிள்ளைகளே வந்து முன்வரிசையில் உட்காருவார்கள், தேவைப்படுகிறவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

"தாய்மொழி என்ன?" என்று மட்டும் கேட்டால் போதாது. அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைத்தான் கேட்கிறார்கள், அதாவது சிறு வயதில் அம்மா உங்களோடு பேசிய மொழி. அப்புறம் தெரிந்த வேறு மொழிகளில் இரண்டு வரை எழுதிக்கொள்வார்கள். இப்போது வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்பது அதில் வராது. அதனால் யார் யாரோடு என்று பிரித்துக் கேளுங்கள்: பாட்டியிடம் என்ன பேசுவீர்கள், புருஷன் பொண்டாட்டிக்குள் என்ன, பிள்ளையைத் திட்டும்போது என்ன? ரெட்டியார், நாயுடு வீடுகள் பலவற்றில் பெரியவர்களுக்குள் தெலுங்கு, பிள்ளைகளிடம் தமிழ். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள் வீடு என்றால் தாத்தாவுக்கு பிரெஞ்சு சரளமாக வரும், ஆங்கிலம் தடுமாறலாம். மாகேயிலிருந்து மாற்றலாகி வந்தவர் வீட்டில் மலையாளம், ஏனாம்காரர் வீட்டில் தெலுங்கு. கட்டட வேலைக்கு வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் ஒடியா, வங்காளிப் பையன்களையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் நம் தெருக்காரர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் பிடிக்கலாம்.

ஆங்கிலத்துக்கு வருவோம். அமெரிக்க அரசு வருஷா வருஷம் நடத்தும் சமூகக் கணக்கெடுப்பில் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்களிடம் ஆங்கிலம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டு, மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக வராது, அறவே வராது என்று நான்கில் ஒன்றைக் குறிக்கச் சொல்கிறார்கள். நாலு படி நல்ல ஏற்பாடுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நேராகக் கேட்டால் நம் ஊரில் பாதிப் பேர் கூச்சத்தில் "ஏதோ சுமாரா வரும்" என்று முடித்துவிடுவார்கள். பேங்கிலிருந்து வரும் மெசேஜ் போல ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போய்க் காட்டி, இதில் பணம் வந்திருக்கிறதா போயிருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் வழி கேட்கிற டூரிஸ்ட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். பேச்சையும் படிப்பையும் தனித்தனியாகக் குறிப்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் பீச்சில் கடை போட்டிருக்கும் அக்கா வெளிநாட்டுக்காரரிடம் தாராளமாகப் பேரம் பேசுவார், ஒரு வரி படிக்க வராது. டிகிரி முடித்த பெண் பேப்பரைக் கடகடவென்று படிப்பாள், நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள். இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் இரண்டு பேருக்குமே பயன் இல்லை.

வீட்டுக்காரர் ஒருத்தரே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல விடாதீர்கள். ஆளுக்கு ஒரு வரி, வயது, மொழி, ஆங்கிலம் பேசுவதிலும் படிப்பதிலும் நாலு படியில் எது, அவ்வளவு போதும். ஆதார் நம்பர், சாதி எதையும் கேட்க வேண்டாம். கிளம்பும் முன் எந்த நேரம் தோதுப்படும் என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.