ஒரு கருவி வேலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? கணக்குப் பார்க்கும் முறை

தொழில்நுட்பம் அன்றாட வாழ்க்கையை எளிதாக்குகிறதா, சிக்கலாக்குகிறதா என்று மொத்தமாகக் கேட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும், விடை கிடைக்காது. ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அது எந்த வேலைக்காக வீட்டுக்குள் வந்ததோ அந்த வேலையை மட்டும் முன்னால் வைத்துக் கேட்டால், சில நாட்களிலேயே தெளிவு பிறந்துவிடும். அவ்வாறு கேட்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில், நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு செயலியையோ சாதனத்தையோ தேர்ந்தெடுத்து, அதைக்கொண்டு செய்யும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தாளில் எழுதுங்கள். பொத்தானை அழுத்தும் நொடியை மட்டும் கணக்கில் சேர்த்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவதுதான் பொதுவாக நேரும் பிழை. மின்கட்டணம் செலுத்துவதையே எடுத்துக்கொள்வோம். செயலியைத் திறந்தவுடன் அது புதிய பதிப்புக்கு மாறச் சொல்கிறது. மாறிய பின் மீண்டும் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதைக் கொடுத்தால் ஓடிபி வருகிறது. குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. பணம் போய்விட்டதா இல்லையா என்று அறிய வங்கிச் செயலியைத் தனியே திறக்க வேண்டியிருக்கிறது. இவை அனைத்தும் அந்த வேலையைச் சேர்ந்தவைதாம். அதே நேர்மையோடு, வரிசையில் நிற்காமல் மிச்சமான நேரத்தையும், ரசீது தொலையாமல் இருப்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். சார்ஜ் ஏற்றுவது, பழுது பார்ப்பது, சந்தா கட்டுவது போன்ற பக்க வேலைகள் எப்போதாவது வருபவை என்றாலும் அவற்றுக்கும் தாளில் இடம் உண்டு.

அடுத்து, குறைந்ததாகத் தோன்றும் வேலை எங்கே போனது என்று தேடுங்கள். கணினியில் வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், 1980-களில் ஒரு கருத்தை முன்வைத்தார்: எந்தப் பயன்பாட்டிலும் இதற்குக் கீழே குறைக்க முடியாது என்ற அளவுக்கு ஒரு சிக்கல் இருந்தே தீரும், அதைச் சுமப்பது பயனரா, உருவாக்குபவரா என்பதே கேள்வி. உருவாக்குபவர்தான் சுமக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இந்தக் கேள்வியை வீட்டுக்குள்ளும் கேட்கலாம். முன்பு அலுவலர் நிரப்பிய படிவத்தை இப்போது நீங்கள் நிரப்புகிறீர்களா? முதியவர் ஒருவர் தாமே நேரில் போய் முடித்துவந்த காரியம், செயலி வழியாக மட்டுமே நடக்கும் என்றானதால், பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் நிலை வந்திருக்கிறதா? அப்படியானால் அங்கே எளிமை பிறக்கவில்லை, சுமை கைமாறியிருக்கிறது. மற்றவரைச் சார்ந்து நிற்கும் அந்த முதியவரின் மனவருத்தத்தையும் நான் செலவுக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

வேலை எத்தனை முறை செய்யப்படுகிறது என்பதையும் பாருங்கள். வீட்டு இயந்திரங்கள் பெருகிய பிறகும் இல்லத்தரசிகளின் வேலை நேரம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். சலவை இயந்திரம் வந்ததும் வெளியே கொடுத்துவந்த துணிகள் வீட்டுக்கே திரும்பின. தூய்மை குறித்த எதிர்பார்ப்பும் உயர்ந்தது. ஆயினும், கைகள் தேயத் துவைத்த உழைப்பை நினைத்தால், அந்த இயந்திரம் பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. குறுஞ்செய்திகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அனுப்புவது எளிதானதால் அனுப்பப்படுபவை பெருகி, உடனே பதில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்துவிட்டது.

கணக்கு எழுதி முடித்தபின், பெரும்பாலும் கருவியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றினாலே போதும். அறிவிப்புகள் எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்திவிட்டு, மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்கும் செயலிகளுக்கும், பாதுகாப்புக்கான வங்கி எச்சரிக்கைகளுக்கும் மட்டும் திரும்ப அனுமதி கொடுங்கள். கடவுச்சொற்களை, அவற்றைப் பாதுகாப்பாகச் சேமித்துவைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளர் ஒன்றிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு கணக்குக்கும் நீளமான, வெவ்வேறான சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் சிரமம் தேவையில்லை: காரணமின்றிக் குறித்த கால இடைவெளியில் மாற்றும்படி பயனர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே பரிந்துரைத்தது. கசிந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும் என்பது வேறு.

கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பில் கூடுதல் கவனம் தேவை. பொதுவாக 30 நொடிகளுக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் சரிபார்ப்புச் செயலி, அதற்கான ரகசியத் திறவுகோலைக் கைபேசிக்குள் வைத்திருக்கிறது. கைபேசி தொலைந்தாலோ நீரில் விழுந்து பழுதானாலோ, திறவுகோலுக்கு வேறெங்கும் நகல் இல்லாதபோது, உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாமல் போகும். ஆகவே, அந்த வசதியை இயக்கும் அன்றே, கைபேசி இல்லாதபோதும் கணக்கைத் திறக்கத் தளம் தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள். சில நிமிடங்கள் பிடிக்கும் இந்த வேலை, பின்னாளில் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கருவி கணக்கில் நஷ்டமே காட்டுகிறது என்றால், தயங்காமல் கைவிடலாம். ஆனால் கைபேசியிலிருந்து செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. பணம் தொடர்ந்து பிடிக்கப்படும். எனவே, முதலில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தரவிறக்கம் செய்து அவை சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சந்தாவை ரத்து செய்து, அதற்கான உறுதிச் செய்தி வந்ததும் கணக்கை நிரந்தரமாக மூடுங்கள். செயலியை நீக்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.