வெளிநாட்டு மனைவியோடு குடியேறுவதா? சென்னையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

மனைவி எந்த நாட்டுக்காரர் என்று மட்டும் பார்த்து விண்ணப்பத்தை எடுக்காதீர்கள். (கணவர் என்றாலும் இதேதான்.) இரண்டு பேரும் எந்த நாட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் சட்டமே மாறுகிறது. மனைவி ஜெர்மன்காரர், போவதும் ஜெர்மனிக்கு என்றால் அந்த நாட்டுச் சட்டப்படி குடும்ப விசா. பெரும்பாலும் ஏ1 (ஆரம்ப நிலை) ஜெர்மன் மொழிச் சான்றிதழ் கேட்பார்கள், தேர்வை நுங்கம்பாக்கம் கோதே இன்ஸ்டிட்யூட்டில் எழுதலாம். அதே மனைவி நெதர்லாந்தில் வேலை பார்க்கிறார், நீங்களும் அங்கே போகிறீர்கள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 சட்டம் (ஒன்றியக் குடிமக்கள் அதற்குள்ளேயே வேறு நாட்டுக்குக் குடும்பத்தோடு போவதற்கானது) வந்துவிடும்: விசாவுக்குக் கட்டணம் இல்லை, மொழித் தேர்வு இல்லை. போய்ச் சேர்ந்ததும் அங்கேயே குடும்ப உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அந்த அட்டையை அதிகாரிகள் 6 மாதத்துக்குள் தந்தாக வேண்டும், பொதுவாக 5 வருடம் செல்லும், வேலைக்கும் போகலாம். இங்கே விசா கவுன்ட்டரில் டூரிஸ்ட்டுக்கான பட்டியலை நீட்டி ஓட்டல் புக்கிங் எங்கே என்று கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை ஒரு கடிதமாகவே எழுதி மேலே வைத்துக் கொடுங்கள்.

அடுத்து கல்யாணச் சான்றிதழ். வடபழனி கோயிலில் தாலி கட்டியது மனசுக்கு நிறைவுதான், ஆனால் இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் செல்லும். இல்லையென்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், 3 சாட்சிகள் வேண்டும், வெளிநாட்டுக்காரருக்கு வேறு திருமணம் இல்லை என்று அவர் நாட்டுத் தூதரகத்திடம் சான்று வாங்க வேண்டும். அதனால் டிக்கெட்டை முதலிலேயே போட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் ஆட்களுக்கு உண்மையான தலைவலி இனிஷியல்தான். கல்யாணச் சான்றிதழில் ‘கே. செந்தில்குமார்’, பாஸ்போர்ட்டில் ‘செந்தில்குமார் கருப்பசாமி’, பிறப்புச் சான்றிதழில் பெயர் இடமே காலி என்று மூன்று தாளில் மூன்று ஆளாக இருப்பீர்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது, அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நோட்டீஸ் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலை வைத்து, அதில் இருப்பதுபோல அப்பா பெயரை முழுசாக விரித்து எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகப் படித்துப் பாருங்கள், ஒரு ‘எச்’ கூடினாலும் அப்புறம் திருத்த அலைய வேண்டியதுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் அதையும் இப்போதே நிரப்பி வாங்கிவிடுவது நல்லது. என்ன, அப்பா பெயர் அங்கே ஏறியதும் போகிற இடமெல்லாம் உங்கள் மனைவியை ‘மிஸஸ் கருப்பசாமி’ என்று மாமனார் பெயரில் கூப்பிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் சென்னை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பெயர் விடுபட்டிருந்தால் சேர்க்க முடியுமா என்று மாநகராட்சியில் கேளுங்கள்.

அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை) எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்டிடம் பணத்தை நீட்டுமுன் அது தேவையா என்று பாருங்கள். பல நாடுகளுக்கு வேண்டும். மாநில அரசு அட்டெஸ்டேஷன், பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை என்று வரிசையாகப் போகும். ஆனால் ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை, தேவைப்பட்டால் தூதரகமே ஆள் வைத்து ஆவணங்களை விசாரிக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எல்லாவற்றிலும் ஒரிஜினலை ஹேண்ட் லக்கேஜில் வையுங்கள். திருமணம் பதிவாகி 2 வருடம் ஆனபின் மனைவி ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்துபோகத் தரும் அட்டை) விண்ணப்பிக்கலாம், அதற்கும் இதே சான்றிதழைத்தான் கேட்பார்கள்.