குறி சொல்லும் சீட்டின் பூர்வீகத்தைத் துருவுவது எப்படி?

ஒரு சீட்டுக்கட்டு கைக்கு வந்ததும் நான் தேடுவது இரண்டு ஆண்டுகளை. இந்தச் சீட்டுகள் எப்போது புழக்கத்துக்கு வந்தன? இவற்றை வைத்துக் குறி பார்ப்பதாக எப்போது எழுதினார்கள்? இரண்டையும் போட்டுக் குழப்பினால் கட்டுக்கதைக்குப் பஞ்சமே இருக்காது.

குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டான டாரட்டின் தொடக்கத்தை மாந்திரீக நூல்களில் தேடாதீர்கள். அரண்மனைக் கணக்கில் தேடுங்கள். வட இத்தாலியில் ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் 1442ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தச் சீட்டுகளுக்கான செலவு பதிவாகியிருக்கிறது. அங்கே அது வெறும் ஆட்டம். படச் சீட்டுகள் துருப்பாக இறங்கி மற்றவற்றை வெட்டும். எகிப்தியப் பூசாரிகளின் ஞானம் என்ற கதையைப் பாரிஸில் கூர் த ஜெபலின் என்ற எழுத்தாளர் அச்சேற்றியது 1781இல். சாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்தியச் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்ததோ 1822இல். ஒரு வரிகூடப் படிக்க முடியாத காலத்திலேயே ஜெபலின் பூர்வீகம் எழுதிவிட்டார். துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்! ஜெபலின் எழுதிய நான்கே ஆண்டில், 1785இல், எத்தேயா என்பவர் டாரட்டில் குறி பார்க்கும் முறையைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்.

ஐரோப்பாவுக்குச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் ரோமா (ஜிப்சி) நாடோடிகள் என்று யாராவது சொன்னால், 1377இலேயே ஃபிளாரன்ஸ் நகரம் சீட்டாட்டத்தைக் கட்டுப்படுத்தியதை நினைவூட்டுங்கள். ரோமாக்கள் மேற்கு ஐரோப்பாவை எட்டியது 15ஆம் நூற்றாண்டில்.

பெட்டியிலுள்ள பெயரையும் நம்பிவிடாதீர்கள். லெனோர்மான் அம்மையார் பாரிஸில் பேர்பெற்ற குறிகாரி, 1843இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய 36 சீட்டுக் கட்டு வந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு மூலமான கட்டு, 1800ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஹெக்டெல் என்பவர் உருவாக்கிய ‘நம்பிக்கை ஆட்டம்’. சீட்டுகளை ஆறுக்கு ஆறாகப் பரப்பி, பகடை உருட்டிக் காய் நகர்த்துவார்கள். 35ஆம் கட்டமான நங்கூரத்தை எட்டினால் வெற்றி. உங்கள் லெனோர்மான் கட்டைப் புரட்டிப் பாருங்கள், நங்கூரத்தின் எண் இன்றும் 35தான்.

டாரட் சீட்டின் கீழ் மூலையில் பின்னிப் பிணைந்த மூன்றெழுத்துக் கையொப்பம் தெரிகிறதா? அது பமேலா கோல்மன் ஸ்மித்துடையது, லண்டன், 1909. அந்தக் கட்டு நெடுங்காலம் ‘ரைடர்-வெய்ட்’ என்றே வழங்கியது: பதிப்பகம் உண்டு, யோசனை சொன்னவர் உண்டு, வரைந்தவர் மட்டும் இல்லை. அதில் ‘வாள் மூன்று’ சீட்டை எடுத்து, 15ஆம் நூற்றாண்டு இறுதியின் சோலா புஸ்கா என்ற இத்தாலிய டாரட் கட்டிலுள்ள அதே சீட்டின் பக்கத்தில் வையுங்கள். மூன்று வாள்கள் தைத்த இதயம் இரண்டிலும் இருக்கும்.