ஆட்டு மூளையைக் கொண்டு மனித மூளையைக் கற்பிக்கும் முறை

பாடநூலில் அச்சிட்ட படத்தைப் பார்த்து மூளையின் பாகங்களை மாணவர்கள் ஒப்பித்துவிடுகிறார்கள். அவற்றுள் எது மேலே இருக்கிறது, எது அடியில் இருக்கிறது, எது எதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். ஒரு பாகம் இருக்கும் இடம் தெரியாதவருக்கு அதன் பணியும் மனத்தில் நிற்பதில்லை. உடற்கூறியல் காட்சிக்கூடம் இல்லாத நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியிலும் இக்குறையை ஓர் ஆட்டு மூளையால் போக்கலாம். புலால் உண்ணாத வீட்டுப் பிள்ளைகளையும் மனம் ஒப்பாத பிள்ளைகளையும் தொடும்படி வற்புறுத்தக் கூடாது. அவர்கள் தள்ளி நின்று பார்த்துப் படம் வரைந்தாலே போதும்.

செவ்வாய்தோறும் மேலப்பாளையத்தில் ஆட்டுச் சந்தை கூடும் திருநெல்வேலி மாவட்டத்தில் ஆட்டுத்தலை கிடைப்பது எளிது. சிதையாத மூளை கிடைப்பதுதான் அரிது. தலையை நடுவே இரண்டாகப் பிளப்பது கடைகளின் வழக்கமாதலால், மண்டையோட்டைப் பக்கவாட்டில் உடைத்து மூளையை முழுதாக எடுக்கவேண்டும் என்றும், பின்புறம் தண்டுவடத்தில் ஓர் அங்குலமாவது சேர்ந்து வரவேண்டும் என்றும் கறிக்கடை அண்ணாச்சியிடம் முன்தினமே சொல்லிவைக்க வேண்டும். வெயிலில் விரைவில் குழைந்துவிடும் என்பதால், பனிக்கட்டி இட்ட தூக்குச்சட்டியில் கொண்டுவருவது நல்லது.

புதிய மூளை கத்திக்கு நிற்காது. பள்ளி ஆய்வகத்தில், திசுவை இறுக்கிக் கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் இருந்தால், அதில் ஒரு பங்கும் தண்ணீரில் ஒன்பது பங்கும் கலந்து, பாத்திரத்தின் அடியில் பஞ்சு பரப்பி, மூளையை ஒன்றிரண்டு வாரம் ஊறவிட வேண்டும். அதன் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்குமாதலால், இவ்வேலையை ஆசிரியரே கையுறையும் கண்ணாடியும் அணிந்து காற்றோட்டமான இடத்தில் செய்யவேண்டும். வகுப்புக்கு முன் ஓடும் நீரில் நெடுநேரம் அலசவும் வேண்டும். ஃபார்மலின் இல்லாதவர்கள் குளிர்பதனப் பெட்டியில் ஓரளவு உறையவைத்து உடனே அறுக்கலாம்.

மூளையை முதலில் தட்டிலும், பிறகு தண்ணீர் நிரம்பிய பாத்திரத்திலும் வைத்துக் காட்டுங்கள். தட்டில் தன் எடையாலேயே தளர்ந்து அமுங்கும் மூளை, தண்ணீரில் தன் வடிவத்தை மீட்டுக்கொள்ளும். உறையவைக்காத, பதப்படுத்தாத மூளையில் இது தெளிவாகத் தெரியும். ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மனித மூளை, தன்னைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதப்பதால் சுமார் 50 கிராம் அளவுக்கே அழுத்துகிறது என்பதை இதைக் கண்ட பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அடுத்து மூளையைப் போர்த்தியிருக்கும் மூன்று உறைகள். மூளை வறுவலுக்குச் சுத்தம் செய்யும்போது வீட்டில் உரித்தெடுக்கும், சிவந்த இரத்தக் குழாய்கள் ஓடும் மெல்லிய சவ்வுதான் அரக்னாய்டு உறையும் பையா மேட்டரும். தடித்த வெளியுறையான டியூரா மேட்டர் பெரும்பாலும் மண்டையோட்டுடனேயே தங்கிவிடும். சவ்வை உரித்ததும் பெருமூளையின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். மனிதரில் இம்மடிப்புகள் மிகுதி. குறிப்பாக, திட்டமிடுவதற்கும் தன்னை அடக்கிக்கொள்வதற்கும் உரிய முன்பகுதி ஆட்டைவிடப் பன்மடங்கு பெரியது. பேச்சுக்குரிய பகுதியை ஆட்டில் தேடவேண்டாம். பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில், இடது முன்பகுதி பழுதுபட்டிருந்ததை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா கண்டு, மனிதரில் பேச்சுக்குரிய இடம் அங்கே இருப்பதாகக் கூறினார்.

இப்போது மூளையைக் கவிழ்த்துப் போடுங்கள். படங்கள் காட்டத் தவறுவதெல்லாம் இங்கேதான் இருக்கிறது. முன்னால் துருத்தி நிற்கும் இரண்டு குமிழ்கள் மோப்பத்திற்குரியவை. மனிதரில் இவை மிகச் சிறியவை. அவற்றுக்குப் பின்னால் பெருக்கல் குறிபோல் பார்வை நரம்புகள் சந்திக்கின்றன. அதையடுத்து, பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ். மேலும் பின்னால் சென்றால் பாலம்போல் குறுக்கே புடைத்திருக்கும் பான்ஸ், அதன்பின் மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் முகுளம். முகுளத்தில் சற்று நின்று விளக்குங்கள். மனிதப் பெருமூளையிலிருந்து கைகால்களை இயக்க இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் கீழ்முனையில் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் பெருமூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைபட்டால் வலது கையும் காலும் விழுகின்றன. வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தோன்றி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது.

பிறகு நீண்ட கத்தியால், முன்னும் பின்னும் அறுக்காமல், ஒரே இழுப்பில் நடுக்கோட்டில் வெட்டுங்கள். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் வெண்ணிறப் பட்டை கார்பஸ் கலோசம். அதன் கீழே, புலன்செய்திகளைப் பெருமூளைக்கு அனுப்பும் தலாமஸ். பின்னால் சிறுமூளையின் வெட்டுமுகத்தில் வெள்ளை இழைகள் மரக்கிளைபோல் விரிந்திருக்கும். உடல் சமநிலையையும் அசைவின் நேர்த்தியையும் காக்கும் சிறுமூளை அளவில் சிறியதாயினும், மனித மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில், அதாவது நரம்புச் செல்களில், ஐந்தில் நான்கு பங்கு அதில்தான் இருக்கின்றன. பெருமூளையின் ஒரு பாதியைக் குறுக்கே வெட்டினால், வெளியே சாம்பல் நிறப் பொருளும் உள்ளே வெண்மைப் பொருளும் தெரியும்.

கடைசியாகத் தண்டுவடத்தின் துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். இங்கே வரிசை மாறி, சாம்பல் உள்ளேயும் வெண்மை வெளியேயும் இருக்கும். சூடான சட்டியைத் தொட்ட கை, சுடுகிறது என்று நாம் உணர்வதற்கு முன்பே விலகுவது இந்தச் சாம்பல் பகுதி இடும் கட்டளையால்தான்.

வகுப்பு முடிந்தபின் அந்த மூளையைச் சமைக்கவோ நாய்க்கு இடவோ கூடாது. ஃபார்மலின் படாததை ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிடலாம். ஃபார்மலினில் கிடந்ததை மூடிய பாத்திரத்தில் வைத்து, மருத்துவக் கழிவுகளை அகற்றுவோரிடம் சேர்க்கவேண்டும். மேசையையும் கத்தியையும் சோப்புநீரால் கழுவி, கையுறை அணிந்திருந்தவர்களும் கைகளை நன்றாகத் தேய்த்துக் கழுவவேண்டும்.